ஹொனலுலுவில் மதியச் சாப்பாடு: அசல் ஹவாய் உணவு எங்கே கிடைக்கும், எப்படிச் சாப்பிடுவது?

டல்லஸ்வாசி கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஹொனலுலு போகிறோம். வைக்கீக்கியில் தங்குகிறோம். சுற்றிப் பார்ப்பதற்கு ஆளாளுக்கு யோசனை சொல்லிவிட்டார்கள், சாப்பாட்டுக்குத்தான் தெளிவான பதில் கிடைக்கவில்லை. ஹவாய்ச் சாப்பாடு என்று தேடினால் இரண்டு கரண்டி சோறு, மக்ரோனி சாலட், பொரித்த கோழி, அன்னாசி வைத்த பர்கர் என்றே வருகிறது. அந்த மண்ணின் மக்கள் காலங்காலமாகச் சாப்பிட்டு வந்ததைச் சாப்பிட ஆசை. ஹோட்டல்காரர்கள் ஆடல் பாடலோடு நடத்தும் விருந்து வேண்டாம். வேலைக்குப் போகிறவர்கள் மதியம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற சின்னக் கடை போதும்.

பொயி என்கிற ஊதா நிறக் கூழைப் பற்றிப் படித்த இடத்திலெல்லாம் “ருசியே இல்லை” என்று எழுதியிருக்கிறார்கள். வாங்கலாமா? அப்புறம், அம்மாவும் வருகிறார்கள், சுத்த சைவம். அவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

பயணப்பை எழுதியது:

நாங்கள் இரண்டு வருடம் முன்னால் போனோம். குழி அடுப்பு முறையில் வேக வைக்கும் காலுவா பன்றி கண்டிப்பாகச் சாப்பிடுங்கள், வாயில் வைத்தால் நார் நாராகக் கரைகிறது. பொயியை ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. அந்தக் காசுக்கு இன்னொரு தட்டு கறி வாங்கிக்கொள்ளலாம்.

கனேயோஹேக்காரன் எழுதியது:

பொயியைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். அதைத் தள்ளி வைத்துவிட்டால் தட்டில் மிச்சம் இருப்பதெல்லாம் வெறும் உப்புக் கறியாகத்தான் தெரியும்.

நான் ஹொனலுலு இருக்கிற அதே ஓஆஹு தீவின் கிழக்குப் பக்கம், கனேயோஹேயில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு ஹவாய்ப் பாட்டி. இங்கே வயதில் பெரியவர்கள் எல்லோரையும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அவர் பேரனுக்கு முதன்முதலில் ஊட்டிய திட உணவு பொயிதான். வாங்கிய அன்று குழந்தைக்குக் கொடுப்பார், லேசாக இனிக்கும். தனக்கு எடுத்து வைத்ததை இரண்டு மூன்று நாள் வெளியிலேயே விட்டுப் புளிக்க வைப்பார். புளித்த பிறகுதான் அதற்குச் சுவை வருகிறது என்பார். எனக்கும் இப்போது புளித்ததுதான் இறங்குகிறது.

பொயி வேறொன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்குதான். இங்கே அதைக் கலோ என்கிறார்கள். கிழங்கை வேக வைத்துத் தோல் நீக்கி, மரப்பலகையில் வைத்துக் கல் உலக்கையால் இடிப்பார்கள். தண்ணீர் அதிகம் சேராமல் கெட்டியாக இருப்பது பைஅய். அதையே தண்ணீர் விட்டுத் தளர்த்தினால் பொயி. ஒரு விரலால் வழித்துச் சாப்பிடும் கெட்டி, இரண்டு விரல், மூன்று விரல் என்று பதத்தை விரல் கணக்கில் சொல்வார்கள். கடைகளில் பெரும்பாலும் மெஷினில் அரைத்ததுதான் கிடைக்கும். கையால் இடித்த பைஅயை விற்கச் சுகாதார விதிகள் இடம் கொடுக்காமல் இருந்தன. இடிக்கிறவர்கள் விடாமல் போராடி, 2011-ல் அதற்கென்றே மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தது.

நண்பர் பயணப்பை தனியாக ஒரு வாய் வைத்துப் பார்த்திருக்கிறார். கம்பங்கூழை வெங்காயமும் கருவாடும் இல்லாமல் குடித்துப் பார்த்தால் எப்படியோ, அப்படித்தான் அது. இங்கே கருவாட்டின் இடத்தில் பிபிகாவ்லா என்கிற காய வைத்த மாட்டுக்கறி, உப்புச் சால்மன் மீன், காலுவா பன்றி. வெங்காயம் வெங்காயமேதான்: பச்சையாக நறுக்கி, பக்கத்தில் செம்மண் கலந்த ஹவாய் உப்பு வைத்துக் கொடுப்பார்கள். ஒரு வாய் கறி, உடனே ஒரு விரல் பொயி, நடுநடுவே உப்பில் தொட்ட வெங்காயம். கறியில் உப்பு ஏன் அவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

இன்னொன்று. ஹவாய் மக்களுக்குக் கலோ வெறும் கிழங்கு இல்லை, மூத்த அண்ணன். ஹவாய்ப் புராணத்தில் வாகேயாவுக்கும் ஹோஓஹோகூகலானிக்கும் பிறந்த முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அதைப் புதைத்த இடத்தில் முளைத்ததுதான் கலோ. அடுத்துப் பிறந்த தம்பி ஹாலோவாதான் மனிதகுலத்தின் முன்னோன். அதனால் பொயிக் கிண்ணம் திறந்திருக்கும்போது அந்த இடத்தில் சண்டை போடக் கூடாது, கடுஞ்சொல் பேசக் கூடாது. ஆன்ட்டி வீட்டில் பேரன்கள் சாப்பாட்டு மேசையில் குரலை உயர்த்தினால், அவர் ஒன்றும் பேசாமல் பொயிக் கிண்ணத்தை மூடிவிடுவார். பையன்கள் உடனே அடங்கிவிடுவார்கள்.

சரி, கடைக்கு வருவோம். நீங்கள் கேட்டது மாதிரியே ஹொனலுலுவின் கலிஹிப் பகுதியில் ஒரு கடை இருக்கிறது: ஹெலினாஸ் ஹவாயியன் ஃபுட். ஹெலன் சாக் என்பவர் 1946-ல் ஆரம்பித்தார். 2000-ல் அமெரிக்காவில் சாப்பாட்டுத் துறைக்குப் பேர் போன ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. அதற்கு அடுத்த வருடம் இப்போதுள்ள ஸ்கூல் ஸ்ட்ரீட் இடத்துக்கு மாறினார்கள். இப்போது பேரன் நடத்துகிறார். அலங்காரம் எதுவும் கிடையாது, மேசைகள் நெருக்கமாக இருக்கும், வண்டி நிறுத்த இடம் குறைச்சல். எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் தனித்தனியாக வரும். நாலு பேர் போனால் ஏழெட்டு வகை வாங்கிப் பகிர்ந்து சாப்பிடலாம். வாரக்கடைசியில் மூடியிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

அங்கே பிபிகாவ்லாதான் பேர் போனது. மாட்டு விலா எலும்புக் கறியை ஊறவைத்து, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுக் காய வைப்பார்கள். அடுப்புச் சூட்டிலேயே காய்ந்து இறுகியதைத் துண்டு போட்டுப் பொரித்துத் தருவார்கள். வெளியே மொறுமொறுப்பு, எலும்பை ஒட்டி ஈரம். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஹவாயில் மாடே 1793-ல்தான் வந்தது, வான்கூவர் என்கிற கப்பல் தலைவர் கமேஹமேஹா மன்னருக்குக் கொடுத்தார். லோமி சால்மனும் அப்படியே. சால்மன் இந்தக் கடலில் கிடையாது, 19-ஆம் நூற்றாண்டில் பீப்பாயில் உப்புக்கண்டமாகக் கப்பலில் வந்து இறங்கியது. அதைத் தக்காளி, வெங்காயத்தோடு கையால் பிசைந்து குளிர்ச்சியாகக் கொடுக்கிறார்கள். ஆகவே அசல் என்று கேட்டால், இந்தத் தட்டில் ஒரு பகுதி கப்பலில் வந்ததுதான். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வந்ததையெல்லாம் பொயிக்குத் தோதாக மாற்றிக்கொண்டார்கள் இவர்கள்.

லாவ்லாவை விட்டுவிடாதீர்கள். பன்றிக் கறியையும், உப்பிட்ட வெண்ணெய்மீன் துண்டு ஒன்றையும் கலோ இலைகளில் பொதிந்து, அதற்கு மேலே டி என்கிற செடியின் இலையைச் சுற்றிக் கட்டி, மணிக்கணக்கில் ஆவியில் வேக வைப்பது. மேலே இருக்கும் அந்த நீள இலை சாப்பிட அல்ல, பிரித்து ஓரமாக வைத்துவிடுங்கள். பிரித்ததும் முகத்தில் ஆவி அடிக்கும், ஈரப் புல் வாசம் வரும். உள்ளே கலோ இலை கரும்பச்சையாகக் குழைந்து, பன்றிக் கொழுப்பை முழுக்க உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். முட்கரண்டியால் தொட்டாலே விலகும். மீன் துண்டு தேடினால்தான் அகப்படும், அதில்தான் உப்பெல்லாம் இருக்கிறது. இலை, கறி, மீன் மூன்றும் சேர்ந்து ஒரே வாயில் போக வேண்டும்.

ஸ்குவிட் லூவாவ் என்று எழுதியிருப்பது கலோ இலையைத் தேங்காய்ப்பாலில் குழைய வேக வைத்துக் கணவாய் போட்டது. லேசாக இனிக்கும். பல கடைகளில் கணவாய்க்குப் பதில் ஆக்டோபஸ்தான் போடுவார்கள். காலுவா பன்றி நல்லதுதான், ஆனால் முறைப்படி அது குழி அடுப்பில், சூடேறிய எரிமலைக் கல்லின் மேல் வாழைத்தண்டும் இலையும் பரப்பிப் பன்றியை முழுசாக மூடி வேக வைப்பது. கடைகளில் பெரும்பாலும் அடுப்பிலேயே வேக வைத்துப் புகைவாசம் சேர்ப்பார்கள்.

மக்ரோனி சாலட், இரண்டு கரண்டி சோறு எல்லாம் கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த சீனர், ஜப்பானியர், போர்ச்சுகீசியர், பிலிப்பினோக்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய சாப்பாடு. அதுவும் இந்த ஊர்ச் சாப்பாடுதான், நானும் விரும்பிச் சாப்பிடுகிறேன். நீங்கள் தேடுவது அது இல்லை, அவ்வளவுதான்.

டல்லஸ்வாசி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. சேப்பங்கிழங்கு என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் இலை என்றால் தொண்டை அரிக்குமே என்கிறார்கள். சைவத்துக்கு என்ன வழி என்றும் சொல்லுங்கள்.

ஈரப்பலா எழுதியது:

இலங்கைத் தமிழர் யாராவது அந்தப் பக்கம் போனால் கவனியுங்கள், எங்கள் ஈரப்பலாக்காய் (சீமைப்பலா) அங்கே உலு என்ற பெயரில் கிடைக்கிறது. சுட்டும் அவித்தும் சாப்பிடுகிறார்கள். நான் மவுயி தீவில் உழவர் சந்தையில் வாங்கினேன். அம்மாவுக்கு அதுவும் பொருந்தும்.

கனேயோஹேக்காரன் எழுதியது:

ஈரப்பலா சொன்னது சரி. சமையலறை உள்ள விடுதி என்றால் சந்தையில் உலு வாங்கி நீங்களே அவித்துக் கொடுக்கலாம்.

அம்மா சொல்வதும் சரி. இலையிலும் கிழங்கிலும் ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, அதுதான் குத்துகிறது. நாம் புளி விட்டுச் சமைக்கிறோம், இவர்கள் நீண்ட நேரம் வேக வைக்கிறார்கள். நல்ல கடையில் அரிப்பு வராது.

சைவத்துக்கு: பொயி தாராளமாகச் சாப்பிடலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருந்தால் கேளுங்கள். வெங்காயமும் உப்பும் பொயியோடு எப்படியும் உண்டு. கடைசியில் ஹவ்பியா: தேங்காய்ப்பாலைச் சர்க்கரையும் சோளமாவும் சேர்த்துக் காய்ச்சி, உறைய வைத்து வெட்டிய வெள்ளைத் துண்டு. ஜெலட்டின் சேர்ப்பது வழக்கம் இல்லை. லூவாவ் இலைக் குழம்பில் மட்டும் பார்த்து நடந்துகொள்ளுங்கள். கணவாய் இல்லாமல் தருகிறோம் என்றாலும், கறிச்சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அம்மாவுக்காகவே ஒரு இடம் சொல்கிறேன். கனேயோஹேயிலிருந்து வடக்கே கடலோரச் சாலையில் வந்தால் வையாஹோலே பொயி ஃபேக்டரி. பழைய பொயி ஆலைக் கட்டிடத்திலேயே சாப்பாடு கொடுக்கிறார்கள். வெளியே மேசையில் உட்கார்ந்தால் பின்னால் கூலாவ் மலை. அங்கே கூலோலோ வாங்குங்கள். துருவிய கலோவில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கலந்து வேக வைத்த பலகாரம். அதைச் சூடாக வைத்து, மேலே ஹவ்பியா ஐஸ்கிரீம் போட்டுத் தருவார்கள்.

சாப்பிடும்போது அந்தப் பள்ளத்தாக்கையும் பாருங்கள். கலோ ஓடும் தண்ணீரில் வளர்வது, குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். இந்தப் பக்கத்து ஓடைகளின் தண்ணீரைக் கரும்புத் தோட்டக்காரர்கள் 1916-ல் மலையைக் குடைந்து மறுபக்கம் கொண்டுபோய்விட்டார்கள். இங்கே கலோ வயல்கள் காய்ந்தன. 1990களின் நடுவில் அந்தக் கரும்புத் தோட்டம் மூடப்பட்டது. தண்ணீர் ஓடைக்கே வர வேண்டும் என்று இங்குள்ள குடியானவர்கள் வழக்காடினார்கள், 2000-ல் மாநில உச்ச நீதிமன்றம் தண்ணீர் பொதுச்சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு இப்போது ஓடைகளில் ஓடுகிறது. பொயி ஏன் இவ்வளவு விலை, ஏன் சில நாள் தீர்ந்துபோகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். பொயி கொஞ்சம் மிஞ்சினாலும் குப்பையில் போடாதீர்கள், கேட்டால் டப்பாவில் கட்டிக் கொடுப்பார்கள்.

டல்லஸ்வாசி எழுதியது:

போய் வந்துவிட்டோம்! கலிஹி கடையில் அரை மணி நேரம் வரிசையில் நின்றோம். நீங்கள் சொன்னபடியே கறி, பொயி, வெங்காயம் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். என் மகன் லாவ்லாவ் இலையை வழித்து வழித்துச் சாப்பிட்டான், கீரை என்றால் ஓடுகிறவன். என் கணவரும் பொயியை இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினார். எனக்கு ஸ்குவிட் லூவாவின் இனிப்பு மட்டும் ஒத்துவரவில்லை. வையாஹோலேயில் அம்மா கூலோலோவை முழுசாக முடித்துவிட்டு, டல்லஸில் செய்து பார்க்க வேண்டும் என்று நிற்கிறார்கள். பக்குவம் தெரியுமா?

கனேயோஹேக்காரன் எழுதியது:

மகனுக்குப் பிடித்தது கேட்டு ரொம்ப சந்தோஷம். ஆன்ட்டி செய்வதைப் பார்த்துச் சொல்கிறேன். பச்சைக் கலோ நாலு பங்கு துருவினால், கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு பங்கு, பழுப்புச் சர்க்கரை ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக. கலந்து, டி இலைக்குப் பதில் வாழை இலை விரித்த பாத்திரத்தில் ஊற்றி, மேலேயும் இலை போட்டு இறுக மூடி, குறைந்தது நாலைந்து மணி நேரம் ஆவியில் வேக வைக்க வேண்டும். நிறம் செம்பழுப்பாக மாறி, கத்தியில் இழுத்துக்கொண்டு வர வேண்டும். நடுவில் வெளுப்பாக இருந்தால் இன்னும் வேகவில்லை, சாப்பிட்டால் தொண்டை பிடித்துக்கொள்ளும். முழுக்க ஆறிய பிறகுதான் துண்டு போட வரும்.

இந்தியக் கடையில் கிடைக்கும் குட்டிச் சேப்பங்கிழங்கு வேண்டாம், சீனக் கடையில் பெரிய கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். துருவும்போது அம்மாவைக் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.