விவாகரத்துக்குப் பிறகு தனியாக ஸ்பெயின் நடைப்பயணம்: போகலாமா, முதலில் எதைச் செய்வது?

கொங்குக்கிளி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. கோவையில் ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை பார்க்கிறேன். பத்தொன்பது ஆண்டு மணவாழ்க்கை சென்ற ஆண்டு பரஸ்பர சம்மதத்தின் பேரில் முடிவுக்கு வந்தது. மகள் சென்னையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். சண்டை, பஞ்சாயத்து என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை; அதனால்தானோ என்னவோ, எல்லாம் முடிந்துவிட்டது என்பதே பல நாள் எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்கறிக் கடையில். "என்ன வேணுங்க்கா?" என்று கேட்ட பையனுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது, மாமியாருக்கு வாய்வு என்பதால் கிழங்கு கூடாது, மகள் பாகற்காயைத் தொடமாட்டாள். இந்தக் கணக்குகளையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், எனக்கு எது பிடிக்கும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கால் கிலோ வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பிடித்து வாங்கியதல்ல, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் வாங்கியது.

அதன் பிறகுதான் எங்காவது தனியாகப் போக வேண்டும் என்ற எண்ணம் வந்தது. ஸ்பெயினில் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா என்ற ஊருக்கு மக்கள் நடந்தே போகும் பழைய யாத்திரைப் பாதையைக் காணொளிகளில் பார்த்தேன். வழியில் ஒரு குன்றின் மேல் இரும்புச் சிலுவை நடப்பட்ட உயரமான கம்பம் ஒன்று இருக்கிறது. தத்தம் ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லை அதன் அடியில் போட்டுவிட்டு மேலே நடக்கிறார்கள். நொய்யல் கரையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து வைத்துவிட்டேன், விசாவுக்கு முன்பே. சாரியா என்ற ஊரிலிருந்து தொடங்கினால் ஏறத்தாழ 115 கிலோமீட்டர், ஐந்தாறு நாளில் நடந்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு இரண்டரை வாரம் விடுப்புக் கிடைக்கும்.

என் தயக்கங்கள் மூன்று. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் இன்னும் அவர் பெயர்தான் இருக்கிறது. கோவையில் யாரும் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லை. ஆனால் விமான நிறுவனத்தின் தளத்தில் விவரங்களை நிரப்பியவுடன் அது என்னை அவர் பெயரால் வரவேற்றது. அன்றைக்குக் கணினியை மூடியவள் இன்னும் திறக்கவில்லை. அடுத்தது பாதுகாப்பு. கடைசியாக, என் அம்மா. "நடக்கணும்னா பழனிக்கு நட, அங்கே முருகன் இருக்கான், யாரும் இல்லாத ஊருக்கு எதுக்குப் போறே?" என்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இல்லை.

விண்ணப்பமேசை

வணக்கம் சகோதரி. திருச்சியில் பயண முகவர் அலுவலகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக விசா விண்ணப்பங்களை நிரப்பித் தருகிறேன். உங்கள் முதல் தயக்கத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றவற்றைப் பேச எனக்குத் தகுதி இல்லை.

பழைய பெயரில் டிக்கெட் எடுக்காதீர்கள். முதலில் பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுங்கள். நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை இரண்டு மூன்றாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் வங்கி, ஆதார், பான் என்று ஆளாளுக்கு ஒன்று கேட்பார்கள். தீர்ப்பைக் காட்டிக் கணவர் பெயரை நீக்கவும் குடும்பப்பெயரை மாற்றவும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். காவல்துறைச் சரிபார்ப்பு வரலாம், அதற்கும் சேர்த்து நாள் கணக்கிடுங்கள். நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியலாக நின்றுவிடுவதால் பலர் குடும்பப்பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகம் 2022-இல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது எங்கள் வாடிக்கையாளர்கள் சிலர் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். அப்பாவின் பெயரை முழுதாக எழுதுங்கள். எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்கட்டும்.

அதன் பிறகு ஷெங்கன் விசா, அதாவது ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. கட்டணம் 90 யூரோ, விண்ணப்பத்தை வாங்கும் விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் எடுக்கமாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நீங்கள் பொதுத்துறை ஊழியர் என்பதால் வெளிநாடு செல்ல வங்கியின் அனுமதிக் கடிதத்தை இப்போதே கேட்டுவிடுங்கள். அதுதான் எப்போதும் கடைசியில் வந்து சேரும்.

விசா படிவத்தில் மணநிலை என்ற இடத்தில் 'விவாகரத்தானவர்' என்பதற்குத் தனிக் கட்டம் உண்டு. அதில் குறியிட்டால் போதும், யாரும் விளக்கம் கேட்பதில்லை. எங்கள் மேசையில் பெண்கள் பேனாவோடு அதிக நேரம் நிற்பது அந்தக் கட்டத்தில் அல்ல. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'அவசரத் தொடர்பு' என்ற இடத்தில்தான். அங்கே யார் பெயரை எழுதுவது என்பதை வீட்டிலேயே யோசித்துக்கொண்டு வாருங்கள்.

மழைப்பாதை

தோழி, நான் 2023 செப்டம்பரில் சாரியாவிலிருந்து தனியாக நடந்தேன். எனக்கும் விவாகரத்தாகி அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் சொல்லும் இரும்புச் சிலுவை சாரியாவுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. சாரியாவில் தொடங்கினால் நொய்யல் கல்லை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டியதுதான். அந்தக் குன்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் முன்னால் உள்ள அஸ்தோர்கா என்ற ஊரிலிருந்து தொடங்க வேண்டும். அங்கிருந்து சாந்தியாகோ சுமார் 260 கிலோமீட்டர், பன்னிரண்டு பதின்மூன்று நாள் ஆகும். உங்கள் விடுப்புக்குள் அடங்கும், ஆனால் ஓய்வுக்கு நாள் மிஞ்சாது. யாத்திரைச் சான்றிதழுக்குக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பதால்தான் பெரும் கூட்டம் சாரியாவில் வந்து சேருகிறது. 2024-இல் ஏறத்தாழ 4,99,000 பேர் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள், பாதிக்குச் சற்று மேல் பெண்கள். கூட்டம் பிடிக்காவிட்டால் 2027-ஐத் தவிர்த்துவிடுங்கள்: புனித யாக்கோபின் திருநாளான ஜூலை 25 அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமையில் விழுவதால் அது புனித ஆண்டு.

பாதுகாப்பைப் பற்றி மழுப்ப விரும்பவில்லை. 2015-இல் அஸ்தோர்கா அருகே தனியாக நடந்த அமெரிக்கப் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். குற்றவாளி பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டான். அதற்குப் பிறகும் லட்சக்கணக்கான பெண்கள் தனியாக நடந்திருக்கிறார்கள், நானும் பயமின்றித்தான் நடந்தேன். இருட்டு விலகுமுன் புறப்பட மாட்டேன், வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறியை விட்டு விலக மாட்டேன் என்று இரண்டு விதிகள் வைத்திருந்தேன். அவசர எண் 112.

முதல் நாள் முடிவில் போர்த்தோமரின் என்ற ஊர் வரும். 1960-களில் அணை கட்டியபோது பழைய ஊர் நீரில் மூழ்கிவிட, அங்கிருந்த தேவாலயத்தைக் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதி, மேட்டில் கொண்டுபோய்த் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அந்த எண்கள் இன்னும் தெரிகின்றன. சுவரோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, அழியாத எண் எது என்று விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் இருக்கும். அதை யாரிடமும் நியாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை, "போகலாமா?" என்று பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. எனக்கு அது புதிது.

மற்றபடி பெரிய தரிசனம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். மூன்றாம் நாள் முழுக்க மழை. என் பழைய வாழ்க்கையை அன்று நினைத்தேனா என்றால் இல்லை. காலுறை காலைக்குள் காயுமா என்பதைத்தான் நினைத்தேன். அன்றிரவு விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த கொரியப் பெண்மணி, ஏன் தனியாக வந்தாய் என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம்தான். கணவர், முடிந்துவிட்டது என்று கைகாட்டிச் சொன்னேன். அவர் இறந்துவிட்டார் என்று புரிந்துகொண்டு என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். திருத்தலாம் என்று வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். தீர்ப்பு வந்த நாளில்கூட யாரும் என்னிடம் துக்கம் விசாரிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சாப்பாடு: சைவமாக இருந்தால் சற்றுச் சிரமம். முட்டை சேர்த்த உருளைக்கிழங்கு அடை எங்கும் கிடைக்கும். முட்டையும் ஆகாது என்றால் கடையில் சோறும் தயிரும் வாங்கிப் பிசைந்துகொள்ளலாம். கலீசியா மாநிலத்துப் பொது விடுதிகள் மலிவு, முன்பதிவு கிடையாது. பல இடங்களில் அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்காது; அந்தத் தர்க்கம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. காதடைப்பான் மறக்க வேண்டாம், குறட்டைக்கு நாட்டு எல்லை இல்லை.

காவிரிக்கரை

நான் இதில் மாறுபடுகிறேன், தங்கச்சி. வயதில் மூத்தவள் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

எனக்கு விவாகரத்து ஆன மூன்றாம் வாரமே வியட்நாமுக்குக் கிளம்பினேன். ஹனோயில் ஒன்பது நாள்; அதில் நான்கு நாள் அறையை விட்டே வரவில்லை. மொழி தெரியாத ஊரில் தனிமை எனக்கு மருந்தாகவில்லை. வீட்டில் இருந்தால் பால்காரராவது கதவைத் தட்டுவார்; அங்கே அதுவும் இல்லை. திரும்பி வந்தபோது செலவான பணத்தையும், "வாழ்க்கையைத் தொலைத்துவிட்டு ஊர் சுற்றுகிறாள்" என்ற பேச்சையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது.

ஒரு நல்லது நடந்தது, அதை மறைக்கவும் கூடாது. ஹனோயில் சாலையைக் கடப்பது ஒரு கலை. ஸ்கூட்டர்கள் நிற்கவே நிற்காது. நான் ஓரத்தில் இருபது நிமிடம் நின்றேன். தோளில் காவடிபோல இரண்டு கூடைகளைச் சுமந்துவந்த பழக்காரி ஒருத்தி என் முழங்கையைத் தொட்டு, ஓடாமல், நிற்காமல், ஒரே வேகத்தில் என்னை நடத்திக்கொண்டு போனாள். வண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. மறுநாள் நானே கடந்தேன். பிறகு தேவையில்லாமலும் இரண்டு முறை கடந்தேன்.

ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஒன்பது நாளும் அவ்வளவு பணமும் வேண்டியதில்லை. உங்களுக்குத் தீர்ப்பாகி ஓராண்டு ஆகிவிட்டது என்பதால் என் அளவுக்கு அவசரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் முதலில் மூன்று நாள், நம் மொழி புழங்கும் ஓர் ஊரில் தனியாகத் தங்கிப் பாருங்கள். ஓட்டலில் ஒற்றை ஆளாக மேசையில் உட்கார்ந்து, கைபேசியை வெளியே எடுக்காமல் சாப்பிட்டு எழ முடிகிறதா என்று பாருங்கள். ஜீவனாம்சமாக வந்த தொகை இருந்தால் அதில் கைவைக்காதீர்கள்; சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போங்கள். அம்மா பழனி என்று சொல்வதையும் பழமை என்று தள்ள வேண்டாம், மகள் கண்ணுக்கெட்டாத தூரம் போகிறாளே என்ற பயம் அது.

தைப்பூசம்

சகோதரி, கோவையிலிருந்து பழனிக்கு எட்டு முறை பாதயாத்திரை போனவன். அதுவும் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் பழனிப் பாதையில் தனியாக நடப்பது நடக்காத காரியம். நின்றால் மோர், உட்கார்ந்தால் சுக்குக் காப்பி, கூடவே பாட்டு. உங்களுக்கு இப்போது வேண்டியது அதுவல்ல என்று அம்மாவிடம் சொல்லலாமே. காலணியை அரை அளவு பெரிதாக வாங்குங்கள், நடக்க நடக்கப் பாதம் வீங்கும். பை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் இருபது கிலோமீட்டர் நடந்து பார்ப்பது பயிற்சி அல்ல, அடுத்த நாளும் நடக்க முடிகிறதா என்பதுதான் பயிற்சி.

கொங்குக்கிளி

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. காவிரிக்கரை அக்கா, உங்கள் பேச்சைத் தட்டவில்லை. சென்ற வாரம் தஞ்சாவூரில் மூன்று நாள் தனியாகத் தங்கினேன். முதல் நாள் ஓட்டலில், "எத்தனை பேரும்மா?" என்று கேட்டவருக்கு "ஒருத்தர்" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. மூன்றாம் நாள் அவரே கேட்காமல் ஜன்னல் ஓர மேசையைக் காட்டினார்.

பாஸ்போர்ட் விண்ணப்பம் கொடுத்தாயிற்று, அப்பாவின் பெயர் முழுதாக. அவசரத் தொடர்பு என்ற இடத்தில் உண்மையிலேயே பேனா நின்றது. அம்மாவின் பெயரை எழுதலாம் என்றால் அவர் கைபேசியில் பாதி நாள் சார்ஜ் இருக்காது. கடைசியில் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கு இந்த ஆண்டுதான் பத்தொன்பது முடிந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்பரைச் சரியா எழுதினியா, கடைசியிலே ரெண்டு ஏழு வரும்" என்றாள்.

மழைப்பாதை, அஸ்தோர்காவிலிருந்தே தொடங்குகிறேன். இறுதிநாள் ஓய்வு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாகற்காயும் வாங்கிச் சமைத்துப் பார்த்தேன். மகள் சொன்னது சரிதான். ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: மே மாதக் கடைசியில் அந்தச் சிலுவைக் குன்றில் குளிர் எப்படி இருக்கும், ஸ்வெட்டர் ஒன்று போதுமா?

மழைப்பாதை

நான் அந்தப் பகுதியில் நடந்ததில்லை என்பதால் கணக்கு மட்டும் சொல்கிறேன். உயரம் சுமார் 1,500 மீட்டர். குன்னூரைவிடத் தாழ்வுதான், ஆனால் அந்த நாடு வடக்கே வெகுதூரம் என்பதால் குன்னூர்க் குளிரை வைத்து எடைபோட வேண்டாம். ஸ்வெட்டர் ஒன்று போதும், அதன் மேல் காற்றும் மழையும் புகாத அங்கி ஒன்று கட்டாயம். கல்லை எடை போட்டுப் பார்த்தீர்களா?