பச்சை விளக்கு எரிந்தால் கடிகாரம் ஓடுமா?

புக்கிட் பாத்தோக் பாலா · இரவு 8:47

எந்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அந்த இழையில் வேகவேலன் போகிறபோக்கில் எழுதியதை இங்கே ஒட்டுகிறேன்: (ஹில் கிளைம்ப் என்றால் மலைச்சாலையில் காரை மேலே ஓட்டி நேரம் பார்க்கிற பந்தயம்.) "ஹில் கிளைம்ப் எல்லாம் ஒரு நிமிஷக் கூத்து. பச்சை விளக்கு எரிந்ததும் எவன் முதலில் மிதிக்கிறானோ அவனுக்குக் கோப்பை. கைகால் சுறுசுறுப்பு போதும், கார் எதுவாக இருந்தால் என்ன." இதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியவர்கள் வேறு!

பர்மிங்காமில் வேலை பார்த்த காலத்தில் இங்கிலாந்தின் ஹில் கிளைம்ப் பாதைகளான ஷெல்ஸ்லி வால்ஷிலும் பிரெஸ்காட்டிலும் சொந்த எம்எக்ஸ்-5ஐ, மஸ்டாவின் அந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் காரை, ஏற்றியவன் நான். வாரம் முழுக்க வேலைக்கு ஓட்டிய அதே கார், அதே டயர். ஷெல்ஸ்லியில் 1905இலிருந்து கார்கள் ஏறுகின்றன. 1,000 கெஜம், அதாவது 914 மீட்டர். ஒவ்வொரு காராகத்தான் கிளம்பும். தொடக்கக் கோட்டில் கார் பின்னால் உருளாமல் இருக்க ஓர் ஆள் வந்து பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். பச்சை விளக்கு எரிந்தால் பாதை காலி, நீ தயாரானதும் கிளம்பலாம் என்று பொருள். காரின் மூக்கில் ஒரு கறுப்புப் பட்டை செங்குத்தாக மாட்டியிருக்கும். அது ஒளிக்கற்றையை வெட்டும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். விளக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாலும் உன் நேரம் ஒரு துளிகூட ஏறாது.

இதில் சுறுசுறுப்பு எங்கே வந்தது?

வேகவேலன் · இரவு 9:02

வந்துவிட்டார் லண்டன் துரை. அண்ணே, நான் மலேசியாவில் செப்பாங் பந்தயத் திடலில் டிராக் ஓட்டியவன், இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நேர்கோட்டில் ஓடுமே, அந்தப் பந்தயம். விளக்கு எரிகிற நேரத்தில் கால் தாமதித்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். விளக்கு எதற்கு வைத்திருக்கிறார்கள், அலங்காரத்துக்கா? விளக்கு என்று ஒன்று இருந்தால் அதற்கு வேகமாகக் கிளம்புகிறவன்தான் ஜெயிப்பான். எஃப்1 பார்ப்பதில்லையா நீங்கள்? 2008இலிருந்து நம் மரினா பேயில்தானே நடக்கிறது.

தேக்கா தேவி · இரவு 9:10

வேலன், எஃப்1 பந்தயம் தொடங்குவது பச்சை விளக்கில் இல்லை. ஐந்து சிவப்பு விளக்குகள் எரிந்து, அவை அணையும்போது கிளம்புவார்கள். இத்தனை வருடம் மரினா பேயில் எதைப் பார்த்தீர்கள், வாணவேடிக்கையையா?

டிராக்கிலும் உங்கள் ஓட்ட நேரம் கார் ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த பிறகுதான் எண்ணப்படும். விளக்குக்கும் காலுக்கும் நடுவே போகிற நேரம் தனிக் கணக்கு. பக்கத்தில் இன்னொருவர் ஓடுவதால் அங்கே அது வெற்றி தோல்வியை மாற்றும். மலையில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், பூனையா?

வேகவேலன் · இரவு 9:14

தேவி அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். டிராக்கில் விளக்கு முக்கியம். அவ்வளவுதான்.

புக்கிட் பாத்தோக் பாலா · இரவு 9:21

டிராக்கைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. மலையில் விளக்கு நேரம் கணக்கில் வருமா, வராதா? வராது. எழுதி வைத்துக்கொள்.

ஜுராங் ஜீவா · இரவு 9:33

எனக்கு ஒரு சந்தேகம். ஊசி குத்துகிற உயரம்கூட இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பற்றி என்ன இத்தனை பேச்சு? மலை என்றால் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. என் மாமா நாமக்கல்லிலிருந்து அம்பாசிடரில் ஒரே கியரில் ஏற்றினார். உங்கள் 914 மீட்டரெல்லாம் அவருக்குப் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வருகிற தூரம்.

தேக்கா தேவி · இரவு 9:37

அந்தப் பாதையில் அரசுப் பேருந்து ஓட்டுநர் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு தினமும் ஏறுகிறார். உங்கள் மாமாவுக்கு முன் அவருக்குக் கோப்பை கொடுக்க வேண்டும்.

புக்கிட் பாத்தோக் பாலா · இரவு 9:52

ஜீவா, உயரம் இல்லாத ஊர் என்கிறாயே, ஷெல்ஸ்லியின் மொத்த ஏற்றமே சுமார் 100 மீட்டர்தான். நம் புக்கிட் தீமா 163 மீட்டருக்கு மேல். இங்கே மலைக்குப் பஞ்சமில்லை, பந்தயத்துக்கு மூடித் தருகிற சாலைக்குத்தான் பஞ்சம்.

அந்த 100 மீட்டர் என்ன செய்கிறது என்று கேள். ஆளோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள காரை 100 மீட்டர் தூக்க 9.8 லட்சம் ஜூல் வேண்டும். 35 வினாடியில் ஏறினால் 28 கிலோவாட், ஏறக்குறைய 38 குதிரைத்திறன், வெறும் தூக்குவதற்கே போய்விடும். மீதியில்தான் வேகம் பிடிக்க வேண்டும். அதனால்தான் அங்கே எடை குறைந்த கார்களுக்கு மரியாதை. முதல் தலைமுறை லோட்டஸ் எலீஸ் முக்கால் டன்னுக்கும் குறைவு. கார் எதுவாக இருந்தால் என்ன என்று எழுதியவருக்கு இந்தக் கணக்கைக் காணிக்கையாகச் செலுத்துகிறேன்.

இன்னொன்று. சரிவில் நிற்கும்போது எடை பின்சக்கரத்தின் மேல் சாயும். பின்சக்கர இழுவைக் கார் கடித்துக்கொண்டு கிளம்பும். முன்சக்கர இழுவைக் கார் அதே இடத்தில் டயரைச் சுற்றிப் புகை போடும். முதல் 64 அடியின் நேரத்தைத் தனியாகவே அளந்து சீட்டில் அச்சடித்துத் தருவார்கள், அவ்வளவு முக்கியம் அது. இத்தனை குறுகிய ஓட்டத்தில் கிளம்பும்போது விட்ட அரை வினாடியை எந்த வளைவிலும் திருப்பி எடுக்க முடியாது.

வேகவேலன் · இரவு 9:55

ஆகா! மாட்டிக்கொண்டார்! "கிளம்பும்போது விட்ட அரை வினாடியைத் திருப்பி எடுக்க முடியாது." யார் எழுதியது? பாலா அண்ணன் எழுதியது. நான் என்ன சொன்னேன்? கிளம்புவதில்தான் ஜெயிப்பு என்றேன். நன்றி, வணக்கம், இழையை மூடிவிடலாம்.

புக்கிட் பாத்தோக் பாலா · இரவு 9:58

கிளம்புவது வேறு, விளக்குக்குக் கிளம்புவது வேறு. கிளட்சை எந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் எந்தச் சுழற்சி வேகத்தில் இருக்கும்போது விடுகிறாய், டயர் பிடிக்கிறதா என்பதை 64 அடி நேரம் காட்டும். விளக்கைப் பார்த்து எத்தனை நொடி யோசித்தாய் என்பதை எந்தச் சீட்டும் காட்டாது.

வேகவேலன் · இரவு 10:01

கிளம்புவது கிளம்புவதுதான் அண்ணே.

புதுமுகம் 88 · இரவு 10:04

வணக்கம், அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான். பழைய எம்எக்ஸ்-5 ஒன்று பார்த்திருக்கிறேன், சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. வாங்கலாமா?

பழைய தாம்சன் · இரவு 10:20

பிள்ளைகளா, ஒன்று சொல்லட்டுமா. மலையேற்றப் பந்தயம் இந்த ஊருக்குப் புதிது இல்லை. சவுத் புவன விஸ்தா சாலையில், கேப் என்று சொல்வோமே, அந்த ஏற்றத்தில் ஐம்பதுகளிலேயே நடந்தது. என் அப்பா பாசிர் பாஞ்சாங்கிலிருந்து நடந்தே போய்ப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு ஓட்டியவர்களில் பலர் அதே காரில்தான் மறுநாள் வேலைக்குப் போனார்கள். 99 வளைவு என்று பெயர் எடுத்த சாலை அது. அப்புறம் 1961இலிருந்து 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ. அதை நானே பார்த்தேன். டெவில்ஸ் பெண்ட் வளைவில் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தவன்.

ஜுராங் ஜீவா · இரவு 10:26

99 வளைவா? ஐயா, நான் அந்தச் சாலையில் வாரத்துக்கு இரண்டு முறை போகிறேன். எப்படி எண்ணினாலும் அதில் கால்வாசிகூடத் தேறாது. கொல்லிமலையில் ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள், 70 என்றால் 70. உங்களைப் போல 99 என்று சும்மா அடித்துவிடுவதில்லை.

பழைய தாம்சன் · இரவு 10:31

நான் வைத்த பெயரா அது? ஊர் வைத்த பெயர். அந்தக் காலத்தில் ஓட்டிப் பார்த்திருந்தால் 199 என்றிருப்பாய்.

தேக்கா தேவி · இரவு 10:38

ஜீவா அந்தச் சாலையில் வாரத்துக்கு இரண்டு முறை எந்த நேரத்தில் போகிறார் என்று யாரும் கேட்கவில்லையே? இரவு இரண்டு மணிக்கா? இந்த ஊரில் சாலையில் பந்தயம் விட்டால் காரையே பறிமுதல் செய்ய முடியும். அப்போது கொல்லிமலைக்கு நீங்களும் அரசுப் பேருந்துதான்.

ஜுராங் ஜீவா · இரவு 10:41

சாப்பிடப் போகிறேன் அக்கா. சாப்பாட்டுக்கு.

மட்டுறுத்துநர் · இரவு 10:45

தலைப்போடு ஒட்டிப் பேசவும். தனிப்பட்ட சாடல் வேண்டாம்.

வேகவேலன் · இரவு 10:49

தலைப்போடுதான் பேசுகிறேன். பச்சை விளக்கு. அது எரிந்து ஐந்து நிமிடம் நான் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுவார்களா? துரத்திவிட மாட்டார்களா? அப்படியானால் விளக்குக்கு ஒரு நேரம் இருக்கிறது. நேரம் இருக்கிறது என்றால் கணக்கில் வருகிறது.

தேக்கா தேவி · இரவு 10:52

இதைத் தர்க்கப் பாடத்தில் வைக்கலாம். எதைச் செய்யக் கூடாது என்ற பக்கத்தில்.

புக்கிட் பாத்தோக் பாலா · இரவு 11:08

ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் துரத்துவார்கள். ஐந்து நொடி உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது, கடிகாரம் சுழியத்திலேயே நிற்கும். நான் எத்தனையோ முறை அப்படி உட்கார்ந்திருக்கிறேன். விளக்கு எரியும், முதல் கியர் சரியாக விழுந்ததா என்று பார்ப்பேன், ஆர்பிஎம்மை ஒரு இடத்தில் நிறுத்துவேன், அதன் பிறகுதான் கிளட்ச். பதறிக் கிளம்பியவர்கள் டயரைச் சுழற்றி நேரத்தைத் தொலைப்பதை வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன்.

வேலன் போன்றவர்களுக்காக மொத்த நாளையும் சொல்லிவிடுகிறேன், இனி யாரும் ஒரு நிமிஷக் கூத்து என்று சொல்லக் கூடாது. விடியற்காலையில் காரை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். டிரெய்லர் இல்லை, அதுதான் சாலைக்கார் வகுப்பின் அழகு. உதிரி சக்கரம், ஜாக்கி, தரைவிரிப்பு எல்லாவற்றையும் இறக்கி வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். அப்புறம் பரிசோதகர் வருவார். ஹெல்மெட், தீத்தாங்கும் உடை, கதவில் எண், பேட்டரியின் எர்த் கம்பியில் மஞ்சள் அடையாளம், எல்லாம் பார்ப்பார். மஞ்சள் டேப் கொண்டுபோகாமல் பக்கத்துக் காரில் கடன் கேட்பவர் எப்போதும் ஒருவர் உண்டு. பெரும்பாலும் இரண்டு பயிற்சி ஓட்டம், இரண்டு கணக்கு ஓட்டம். சிறந்த ஒன்றுதான் எண்ணப்படும். நாள் முழுக்க நின்று, மொத்தமாக இரண்டு மூன்று நிமிடம் ஓட்டுகிறோம். நடுவில் மழை வந்தால் காலையில் ஓடியவன் ராஜா, மதியம் ஓடியவன் பூஜ்யம்.

பிரெஸ்காட் புகாட்டி உரிமையாளர் கழகத்தின் இடம், 1938இலிருந்து நடக்கிறது, 1,127 கெஜம். ஷெல்ஸ்லி துணிச்சலுக்கு, பிரெஸ்காட் பொறுமைக்கு. ஷெல்ஸ்லியில் கிரசிங் என்கிற இடத்தைத் தாண்டி பாட்டம் எஸ் என்கிற வளைவுக்கு வரும்போது பிரேக்கை எங்கே தொடுகிறாய் என்பதில் இருக்கிறது போட்டி. விளக்கில் இல்லை.

ஜுராங் ஜீவா · இரவு 11:15

இவ்வளவு பெரிய ஆள், உதிரி சக்கரத்தை இறக்கி எடை குறைத்தாராம். இங்கே ஜேபிக்கு, எல்லை தாண்டி ஜொகூர் பாருவுக்குப் போனால் முக்கால் டேங்க் பெட்ரோலோடுதான் சோதனைச்சாவடி தாண்ட வேண்டும். அந்த எடை எங்கே போகும்?

புக்கிட் பாத்தோக் பாலா · இரவு 11:19

45 லிட்டர் டேங்கில் முக்கால் என்றால் 34 லிட்டர், ஏறக்குறைய 25 கிலோ. செப்பாங் போய்ச் சேர்வதற்குள் பாதிக்கு மேல் எரிந்துவிடும். கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு இது ஒரு கேள்வியே இல்லை.

ஜுராங் ஜீவா · இரவு 11:22

பெட்ரோல் கணக்கு தெரிந்தவர் போன செப்பாங் பயணத்தில் தன் பங்கை ஏன் கொடுக்கவில்லை? நானும் வேலனும்தான் கட்டினோம். என்னிடமிருந்து டார்க் ரெஞ்ச் வாங்கிப் போனதும் திரும்பவில்லை.

புக்கிட் பாத்தோக் பாலா · இரவு 11:24

டோல் முழுக்க என் அட்டையில் போனது மறந்துவிட்டதா? ரெஞ்ச் பற்றித் தனியாகப் பேசலாம்.

வேகவேலன் · இரவு 11:26

தனியாக ஏன்? இங்கேயே பேசுவோம். பர்மிங்காம் கணக்கெல்லாம் எல்லோர் முன்னாலும் பேசினீர்களே.

பழைய தாம்சன் · இரவு 11:30

எங்கள் காலத்தில் மெக்கானிக்கே ஓட்டுவார், ஓட்டுபவரே மெக்கானிக். ரெஞ்சுக்கு யாரும் சண்டை போட்டதில்லை.

தேக்கா தேவி · இரவு 11:34

ஐயா, உங்கள் காலத்தில் சிஓஇ இல்லை. இப்போது பெரிய கார்களுக்கான பி பிரிவுச் சான்றிதழ் மட்டுமே லட்சம் வெள்ளியைத் தாண்டி ஏலம் போகிறது, அதுவும் பத்து வருடத்துக்கு. அதைக் கொடுத்த பிறகு ரெஞ்ச் வாங்கக் காசு ஏது?

பாலாவுக்கும் ஒரு கேள்வி. விளக்கைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் உங்கள் நேரம் என்ன என்று இதுவரை சொல்லவே இல்லையே. ஷெல்ஸ்லியில் எத்தனை வினாடி?

புக்கிட் பாத்தோக் பாலா · இரவு 11:41

அது ஈரப் பாதையில் ஓடியது. ஒப்பிட முடியாது.

வேகவேலன் · இரவு 11:42

ஹாஹா. விளக்கைப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டே இருந்திருப்பார்.

புக்கிட் பாத்தோக் பாலா · இரவு 11:47

மூச்சு விட்டாலும் கடிகாரம் ஓடாது என்றுதான் மூன்று மணி நேரமாகச் சொல்கிறேன். ஒளிக்கற்றையை வெட்டினால்தான் ஓடும். நாளைக்கு அந்தச் சீட்டைத் தேடி எடுத்துப் படம் போடுகிறேன், 64 அடி நேரம் அதில் இருக்கிறது. அதற்குமேல் விளக்கு நேரம் என்று ஒரு கட்டம் இருந்தால் ஜீவாவின் ரெஞ்சோடு புது ஜாக்கியும் சேர்த்துத் தருகிறேன்.

ஜுராங் ஜீவா · இரவு 11:49

முதலில் ரெஞ்ச்.

வேகவேலன் · இரவு 11:53

சீட்டில் இல்லை என்றால் இயந்திரம் பழசு என்று அர்த்தம். நாளை காலை செப்பாங் வீடியோவைப் போடுகிறேன், விளக்கு எரிந்ததும் நான் எப்படிக் கிளம்பினேன் என்று எல்லோரும் பாருங்கள்.