கல்லீரலுக்கு எம்ஆர் எலாஸ்டோகிராபி: எடுத்துக்கொண்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஈரோட்டான்:

ரொம்ப வருஷமாகச் சர்க்கரை, கூடவே தொப்பை. ஃபேட்டி லிவர் என்று எழுதிக் கொடுத்து, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்ததில் 9.3 கிலோபாஸ்கல் வந்தது. இந்த உடம்புக்கு அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், எம்ஆர்ஐ மெஷினிலேயே அந்த இறுக்கத்தை அளக்கும் எம்ஆர் எலாஸ்டோகிராபியும் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். வெறும் வயிற்றோடு போனேன். படுக்க வைத்து, வலது விலாவின் மேல் டிபன் தட்டு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வட்டை வைத்து, அகலமான பெல்ட்டால் இறுக்கிக் கட்டினார்கள். அதிலிருந்து ஒரு நீளக் குழாய் சுவர் ஓட்டை வழியாக அடுத்த அறைக்குப் போகிறது. என்ன ஏது என்று கேட்பதற்குள் உள்ளே தள்ளியாகிவிட்டது. கொஞ்ச நேரம் வழக்கமான டமடம சத்தம், அப்புறம் திடீரென்று விலாவில் விர்ர்ர் என்று ஓர் அதிர்வு. வலி கிடையாது, கூச்சம்தான். சிரித்தால் படம் போச்சு. அந்த நேரம் பார்த்து, "மூச்சை வெளிய விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று காதில் குரல். இழுத்துப் பிடித்து நிறுத்துவது யாருக்கும் வரும், வெளியே விட்டுவிட்டு நிறுத்திப் பாருங்கள், அப்போது தெரியும்.

ரிப்போர்ட்டில் 3.2 கிலோபாஸ்கல். "மூணுல ஒரு பங்கா இறங்கிருச்சு மாப்ள, இனி என்ன கவலை" என்று என் மச்சான் பிரியாணிக்கே கிளம்பிவிட்டார். இடையில் நான் ஒழுங்காக நடைப்பயிற்சிகூடப் போகவில்லை, பிறகு எப்படி இறங்கும் என்பதுதான் உறுத்தல்.

காந்தஅறை:

சகோ, மச்சானைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். எதுவும் இறங்கவில்லை. நான் எம்ஆர் அறையில் டெக்னீஷியன், இதே கேள்வியோடு ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டு கருவியும் கிலோபாஸ்கல் என்றுதான் எழுதும், அளப்பது வேறு வேறு. ஃபைப்ரோஸ்கேன் தருவது யங் குணகம், எம்ஆர் தருவது விறைப்புக் குணகம், பிளஸ் ஒன் இயற்பியலில் இரண்டும் அடுத்தடுத்து வரும். அமுக்கினாலும் கன அளவு மாறாத ஈரல் போன்ற மென்மையான திசுவுக்கு முன்னது பின்னதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உங்கள் 9.3ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள். இரண்டு ஸ்கேனும் ஒரே சேதியைத்தான் சொல்லியிருக்கின்றன. எம்ஆரில் பொதுவாக 2.5க்குக் கீழே என்றால் சரி, 2.9க்கு மேல் போனால் ஈரலில் தழும்பு தொடங்கியிருக்கலாம், 5ஐத் தாண்டினால் சிரோசிஸ், அதாவது தழும்பு முற்றிய நிலை, என்று சந்தேகிப்பார்கள். 3.2 என்பது அலட்சியப்படுத்துகிற எண்ணும் இல்லை, அலறுகிற எண்ணும் இல்லை. பிரியாணி விஷயத்தை டாக்டரிடமே விட்டுவிடுகிறேன்.

அடுத்த அறையில் இருப்பது ஒலிபெருக்கி போல வேலை செய்யும் ஒரு பெட்டி. காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்புச் சாமான் ஆகாது என்பதால் அதை வெளியே வைத்துவிட்டு, அதிர்வைக் குழாயில் காற்று வழியாக அனுப்புகிறோம். வினாடிக்கு 60 முறை. விலா வழியாக அது ஈரலுக்குள் அலையாக இறங்கும். ஈரல் அசைவது கண்ணுக்கே தெரியாத அளவு, ஆனால் எம்ஆரில் அசைவை மட்டும் பிடிக்கிற மாதிரி காந்தச் சரிவுகளை (இடத்துக்கு இடம் வலு மாறும் காந்தப் புலம்) அதே 60க்கு ஒத்துப்போகும்படி தட்டி, ஒரு சுற்றின் நான்கு கட்டங்களில் படம் பிடித்தால் அலை திரையில் சிவப்பும் நீலமுமாகப் பட்டை பட்டையாக ஓடும். மென்மையான ஈரலில் பட்டைகள் நெருக்கமாக இருக்கும், இறுகிய ஈரலில் அலை வேகமாக ஓடுவதால் பட்டை அகலும். 2 கிலோபாஸ்கலில் ஓர் அலையின் நீளம் சுமார் 2.4 சென்டிமீட்டர், 5இல் 3.7. சில வருஷம் பார்த்துவிட்டால் கணினி எண்ணைக் கொடுப்பதற்கு முன்பே இது லேசு கேஸ் இல்லை என்று மனசுக்குத் தெரிந்துவிடும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது, அது ரேடியாலஜிஸ்ட் வேலை.

மூச்சை ஏன் வெளியே விடச் சொல்கிறோம் என்றால், உள்ளே இழுக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஈரல் ஒவ்வோர் இடத்தில் போய் நிற்கும், வெளியே விட்டால் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத் திரும்பும். வழக்கமாக நாலு வெட்டுப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து வினாடி. வயதானவர்களை வெளியே பெஞ்சிலேயே உட்கார வைத்து ஒத்திகை பார்த்துவிடுவேன். ஒருமுறை திரையில் அலையே வரவில்லை. மெஷினைக் குறை சொல்லிக்கொண்டு எல்லாரும் கணினியைக் குடைந்துகொண்டிருக்க, உள்ளே இருந்த தாத்தா மைக்கில், "தம்பி, எனக்கு ஒண்ணுமே அதிரலையேப்பா" என்றார். பெல்ட் கட்டும்போது குழாய் கழன்றிருந்தது. இன்னொருவர் வெறும் வயிறு என்று சத்தியம் செய்தார், பேச்சுவாக்கில் "நாலே நாலு இட்லிதான்" என்று வந்துவிட்டது. திருப்பி அனுப்பினோம். சாப்பிட்டதும் குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் ரத்தம் கூடும், ஏற்கெனவே தழும்பு இருக்கும் ஈரலில் அதுவே எண்ணை ஏற்றிக் காட்டிவிடும். நாலு மணி நேரமாவது சாப்பிடாமல் வர வேண்டும்.

ரிப்போர்ட் படத்தில் சில இடம் கட்டம் கட்டமாக மறைந்திருந்தால் பயப்படாதீர்கள், அலை சரியாகப் போகாததால் அங்கே கணக்கை நம்பக் கூடாது என்று மென்பொருளே அடைத்து வைத்த இடம் அது. பெரிய ரத்தக் குழாய், ஈரல் விளிம்பு, இதயத்துடிப்பு வந்து உலுக்குகிற இடது பக்கம் இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் அளப்போம்.

ஒரு சந்தோஷச் சேதி. அதிர்வலையை எம்ஆரில் நேரடியாகப் பார்த்த இந்த முறை 1995இல் சயின்ஸ் இதழில் வெளியானது, அமெரிக்காவில் ராச்செஸ்டரின் மேயோ கிளினிக்கிலிருந்து. கட்டுரையின் முதல் ஆசிரியர் நம் தமிழ்ப் பெயர் கொண்ட ராஜா முத்துப்பிள்ளை, ஆசிரியர் வரிசையில் கடைசியாக இருப்பவர் ரிச்சர்ட் ஈமன்.

ரத்தம்தேடி:

என் மகனுக்குத் தலசீமியா, ரத்தம் ஏற்றி ஏற்றி ஈரலில் இரும்பு சேர்ந்துவிட்டது. முதலில் எடுத்த இடத்தில் ரிப்போர்ட்டில் ஒரே வரி, ஸ்கேன் தோல்வி என்று. ஈரலே தோற்றுவிட்டதாக நினைத்து என் மாமியார் அழுத அழுகையை எழுதி மாளாது. ஏன் என்று சொல்ல அங்கே ஒருவர்கூட இல்லை, எனக்கு இன்னும் கோபம்தான். அப்புறம் ரத்தவியல் டாக்டர்தான் விளக்கினார்: இரும்பு எம்ஆர் சிக்னலை அணைத்துவிடும், வழக்கமான முறையில் எடுத்தால் ஈரல் கறுப்பாகத்தான் வரும், அலையைப் படிக்க வழியில்லை. இரும்பு இருந்தாலும் சிக்னலை ஓரளவு காப்பாற்றும் ஸ்பின் எக்கோ என்ற எம்ஆர் முறையில் வேறு ஓர் இடத்தில் எடுத்தபோது எண் கிடைத்தது. அதே படுக்கையில் இரும்பு அளவையும் பார்த்துவிட்டார்கள். தலசீமியா பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் நேரம் வாங்கும்போதே, இரும்பு அதிகம், ஸ்பின் எக்கோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

காந்தஅறை:

அக்கா சொல்வது சரி. இரும்பு ரொம்பவே ஏறியிருந்தால் ஸ்பின் எக்கோவும் கைவிடலாம்.

தென்காசிப்பையன்:

அப்பாவுக்கு இதயத்தின் வலது பக்கம் பலவீனம். எலாஸ்டோகிராபியில் 6க்கு மேல் வந்து, வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷருக்குச் சிரோசிஸா என்று வீடே கலங்கிவிட்டது. இதயம் இழுக்காமல் ரத்தம் ஈரலிலேயே தேங்கினாலும் எண் ஏறும், தழும்பால் மட்டும் ஏறுவதில்லை என்று இதய டாக்டர்தான் சொன்னார். நீர் பிரியும் மாத்திரை கொடுத்து வீக்கம் வடிந்த பிறகு மறுபடி எடுத்தபோது நன்றாக இறங்கியிருந்தது. முதல் ரிப்போர்ட்டோடு நாங்கள் பார்த்த முதல் டாக்டர் இதயத்துக்கான எக்கோ ஸ்கேன்கூடக் கேட்கவில்லை.

ஈரோட்டான்:

எல்லாருக்கும் நன்றி. மச்சானிடம் வகுத்தல் கணக்குப் போட்டுக் காட்டினேன், முகம் சுருங்கிவிட்டது. இன்னொன்று, ரிப்போர்ட்டின் கீழே கொழுப்பு 14 சதவீதம் என்று தனியாக இருக்கிறது. அதுவும் இந்த அதிர்வில் வந்த எண்ணா?

காந்தஅறை:

இல்லை சகோ, அது தனிப் படம், அதிர்வுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஃபேட்டி லிவர் என்பார்கள். கொழுப்பு கூடினாலும் விறைப்பு அவ்வளவாகக் கூடாது, அதனால் இரண்டையும் தனித்தனியாகவே டாக்டரிடம் கேளுங்கள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால் முடிந்தவரை இதே இடத்தில், இதே மெஷினில் எடுங்கள், பழைய சிடியையும் கையோடு கொண்டுபோங்கள்.