"உனக்குப் பால் காணாது" என்று அம்மா சொல்லும்போது

கேள்வி (களுவாஞ்சிக்குடி, முதற்பிள்ளை)

மகள் பிறந்து இன்றைக்கு 18 நாள். எங்கள் பகுதி வழக்கப்படி கணவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்தவர். அம்மா அதே வளவின் பின்வீட்டில் இருக்கிறார். பேற்றுக்குப் பின் மூலிகை வெந்நீரால் வேது வைப்பதும், சரக்கரைத்த கறி காய்ச்சுவதும், பிள்ளையின் துணி துவைப்பதும் அவர்தான். ஆனால் பிள்ளை அழும்போதெல்லாம் "உனக்குப் பால் காணாது" என்கிறார். நேற்று எனக்குத் தெரியாமல் சீனித்தண்ணீர் தீத்தியிருந்தார். அதைக் கண்டதும் எனக்குக் கோபத்தைவிட அழுகைதான் வந்தது. பொழுதுபடும் நேரங்களில் காரணமே இல்லாமலும் அழுகிறேன். இவ்வளவு செய்கிறவரிடம் இதை எப்படிச் சொல்வது?

பதில் (அக்கரைப்பற்று, இரு பிள்ளைகளின் தாய்)

சகோதரி, பால் காணுமா என்பதை அழுகையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறதா, முதல் வாரத்தில் குறைந்த நிறை இரண்டு வாரமளவில் திரும்பியிருக்கிறதா என்பவற்றையே பார்க்க வேண்டும். இந்த வயதில் நாளுக்கு 8 முதல் 12 தடவை பால் கேட்பதும், மாலையில் விடாமல் கேட்பதும் இயல்பு. சீனித்தண்ணீரால் வயிறு நிரம்பினால் பிள்ளை மார்பில் உறிஞ்சுவது குறையும். உறிஞ்சுவது குறைந்தால் சுரப்பும் குறையும். ஆறு மாதம் முடியும்வரை பச்சைத்தண்ணீர்கூடத் தேவையில்லை.

நான் சொன்னபோது என் உம்மா கேட்கவில்லை. தாய்சேய் நலம் பார்க்க வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை விரித்து நிறைக்கோட்டை அவருக்கே காட்டிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார். (அதன் பிறகு அயல்வீட்டாருக்கெல்லாம் உம்மாவே வகுப்பெடுத்தது வேறு கதை.)

பதில் (மண்டூர், பேரப்பிள்ளை கண்டவர்)

மகள், நீங்கள் சொல்லும் அந்த அம்மாவின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். 1990இல் இடம்பெயர்ந்து ஒதுங்கிய இடத்தில் என் மூத்தவளைப் பெற்றேன். வேதும் இல்லை, பத்தியமும் இல்லை, வயிறு நிறையச் சோறும் இல்லை. அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அவளுடைய பிள்ளை அழுதபோது அந்தப் பயத்தில்தான் "பால் காணாது" என்று சொன்னேனே தவிர, அவளைக் குறைசொல்லவில்லை. அவள் அதைக் குறையாகவே கேட்டிருக்கிறாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. பத்தியம் என்று அவளுக்குத் தண்ணீரையும் அளந்து கொடுத்தேன், அதுவும் பிழை. உங்களைப் பெற்றபோது அம்மா என்ன பாடுபட்டார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பதில் (காரைதீவு)

என் பேறுகாலத்தில் அம்மா குவைத்தில் வேலையில் இருந்தார், ஆகவே அம்மாவைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் அழுகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பேற்றுக்குப் பின் முதல் நாட்களில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். உங்களுக்கு 18 நாள் ஆகிவிட்டதால், வீட்டுக்கு வரும் உத்தியோகத்தரிடம் பிள்ளையைப் பற்றி மட்டுமன்றி இதையும் கட்டாயம் சொல்லுங்கள். பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வை அறிவதற்குப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. எனக்கு அதைக் கொண்டுதான் கண்டறிந்தார்கள், சிகிச்சையில் குணமானேன். உங்களுக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் பொறுக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926; எந்த நேரமும் எடுக்கலாம்.

கேள்வி கேட்டவர்

வியாழக்கிழமை நிறை பார்க்கும் நாள். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அழுகையைப் பற்றி இப்போதைக்குக் கணவரிடம் மட்டும் சொன்னேன். மண்டூர் அம்மா சொன்னபடி அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை, கேட்பேன்.