100 கோடி வரை கூட்ட பைத்தானுக்கு ஒரு நிமிஷம், சி-க்குப் பூஜ்யம்: ஸ்கிரிப்டை ரஸ்டில் மாற்றி எழுதலாமா?

ஒற்றைச்சாளரம்:

வணக்கம். வேலையிடத்தில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் என் தலையில் விழுந்திருக்கிறது. வெப் சர்வரின் லாக் ஃபைலை வரி வரியாகப் படித்து, எந்த மணியில் எந்தப் பக்கம் எத்தனை முறை கேட்கப்பட்டது, அதில் எத்தனை பிழையில் முடிந்தது என்று கணக்குக் கொடுக்கும். கோடிக்கணக்கான வரிகள். ஒரு நாள் லாக்கை முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. "பைத்தான் என்றால் அப்படித்தான், பேசாமல் ரஸ்டில் எழுதிவிடு" என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள்.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு ஒப்பீடாவது இருக்கட்டுமே என்று, 1 முதல் 100 கோடி வரை கூட்டும் லூப்பை நான்கு மொழிகளில் எழுதி ஒரே கணினியில் ஓட்டினேன்.

சி (கிளாங் கம்பைலர், ஓ2 ஆப்டிமைசேஷன்): அளக்கவே முடியவில்லை, பூஜ்யம் காட்டுகிறது
ஜாவா: அரை விநாடிக்குள்
ஜாவாஸ்கிரிப்ட் (நோட்): ஒரு விநாடி சுமார்
பைத்தான்: ஒரு நிமிஷத்துக்கு மேல்

லாக் ஸ்கிரிப்டை ரஸ்டில் எழுதினால் இதே விகிதத்தில் வேகம் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா? ரஸ்ட் எனக்குப் புதிது. கற்றுக்கொண்டுதான் எழுத வேண்டும், அதனால்தான் தயங்குகிறேன்.

---

ஓடுபாதை:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது ப்ரோ. மொழிகளின் வேகத்தை ஒப்பிடும் பெஞ்ச்மார்க்ஸ் கேம் தளத்தில் போய் என்-பாடி, மாண்டல்பிராட் என்று எந்தச் சோதனையை வேண்டுமானாலும் பாருங்கள். மேலே சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட். பைத்தான் எங்கே இருக்கிறது என்று கீழே கீழே ஸ்க்ரோல் செய்துகொண்டே போக வேண்டும். மாற்றி எழுதுங்கள், அவ்வளவுதான்.

---

அரைப்புள்ளி:

நேரம் இருக்கட்டும். நான்கு நிரலும் என்ன விடை கொடுத்தன? அதை எழுதவில்லையே.

---

ஒற்றைச்சாளரம்:

இப்போது பிரிண்ட் போட்டுப் பார்த்தேன்.

சி: 500000000500000000
பைத்தான்: 500000000500000000
ஜாவா: -243309312
நோட்: 500000000067109000

ஜாவாவில் மைனஸ் எங்கிருந்து வந்தது? நோட் கிட்டத்தட்ட சரி போலத் தெரிகிறது, ஆனால் சரியில்லை.

---

அரைப்புள்ளி:

நினைத்தேன். ஜாவாவில் மொத்தத்தை இன்ட் என்று அறிவித்திருப்பீர்கள். அது 32 பிட். 214 கோடிச் சொச்சத்தைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் வந்துவிடும், ஜாவா அதைப் பிழை என்று சொல்லவும் சொல்லாது. லாங் என்று மாற்றினால் சரியாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் என்பது 64 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட். 2-இன் 53-ஆம் அடுக்கு வரைதான், அதாவது 16 இலக்க எண் ஒன்று வரைதான், எல்லா முழு எண்களையும் பிசகாமல் வைத்திருக்கும். உங்கள் விடைக்கு 18 இலக்கம். அந்த உயரத்தில் அது எழுதக்கூடிய அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 64 இடைவெளி. கூட்டக் கூட்டக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, கடைசியில் 43 கோடி குறைகிறது. எவ்வளவு பெரிய முழு எண்ணையும் வைத்திருக்கும் பிக்இன்ட் போட்டால் விடை சரியாக வரும், ஆனால் அந்த ஒரு விநாடியை மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்து சி. கிளாங் உங்கள் லூப்பை ஓட்டவே இல்லை. 1 முதல் என் வரை கூட்டும் பள்ளிக்கூடச் சூத்திரம் அதற்குத் தெரியும். எல்லையும் மாறிலியாக இருப்பதால் கம்பைல் செய்யும்போதே விடையைக் கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டது. அசெம்பிளியை எடுத்துப் பாருங்கள், அந்த 18 இலக்க எண் ஒற்றை மூவ் கட்டளையில் உட்கார்ந்திருக்கும். விடையைப் பிரிண்ட் செய்யாமல் விட்டிருந்தால் அதுவும் இருக்காது, லூப்பையே தூக்கிப் போட்டிருக்கும். ஆப்டிமைசேஷனை நிறுத்தும் ஓ0 போட்டு ஓட்டுங்கள், சி-யும் நோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஜாவாவோ இன்டர்பிரட்டரில் தொடங்கி, இந்த லூப் ரொம்ப நேரம் ஓடுகிறதே என்று கண்டுபிடித்து, நடுவழியில் கம்பைல் செய்த வடிவத்துக்குத் தாவியிருக்கும். இந்தக் குழப்பத்துக்கென்றே ஓப்பன்ஜேடிகே ஆட்கள் ஜேஎம்ஹெச் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். முதலில் சூடாக்கிவிட்டு அப்புறம்தான் அளக்கும்.

இனி பைத்தான். அது ஒரு சுற்றில் என்னென்ன செய்கிறது தெரியுமா? ரேஞ்ச் அடுத்த எண்ணைக் கொடுக்க வேண்டும். பைத்தானில் எண்ணும் ஓர் ஆப்ஜெக்ட்தான், சின்ன எண்ணுக்கே 64 பிட் கணினியில் 28 பைட். -5 முதல் 256 வரை முன்பே செய்து வைத்திருக்கும், அதற்கு மேலே ஒவ்வொன்றையும் உருவாக்கியாக வேண்டும். அதை ஒரு பெயரில் கட்ட வேண்டும். மொத்தம் என்ற பெயரைத் தேடி எடுக்க வேண்டும். இரண்டும் என்ன வகை என்று பார்க்க வேண்டும். கூட்ட வேண்டும். விடைக்கு இன்னோர் ஆப்ஜெக்ட். பழைய மொத்தத்தின் ரெஃபரன்ஸ் கவுண்டை, அதாவது அதை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கையை, குறைத்து, அது பூஜ்யமானதும் இடத்தை விடுவிக்க வேண்டும். இத்தனையில் கூட்டல் என்பது பிராசஸருக்கு ஒரே ஒரு கட்டளை. மீதி எல்லாம் நிர்வாகச் செலவு. இந்தச் செலவை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து 100 கோடியால் பெருக்கிக் காட்டுவதற்கு உங்கள் லூப்பைவிட நல்ல சோதனை கிடைக்காது!

ஒன்று செய்து பாருங்கள். அந்த லூப் ஃபைலின் மேல்மட்டத்தில் இருந்தால், அப்படியே ஒரு ஃபங்ஷனுக்குள் தள்ளுங்கள். குளோபல் பெயர்களை டிக்‌ஷனரியில் தேடும் வேலை போய்விடுவதால் நேரம் குறையும். சம், ரேஞ்ச் இரண்டையும் கோத்து ஒரே வரியாக எழுதினால் பாதிக்கும் கீழே இறங்கும், ஏனென்றால் லூப் இப்போது பைத்தானுக்குள் இருக்கும் சி நிரலில் ஓடுகிறது. ஓடும்போதே கம்பைல் செய்யும் பைபை என்ற பைத்தானில் ஓட்டினால் ஜாவா இருக்கும் வட்டாரத்துக்கே வந்துவிடும். எல்லாமே பைத்தான்தான். 2022-இல் வந்த 3.11 கூட, 3.10-ஐவிட சராசரியாக 1.25 மடங்கு வேகம் என்று வெளியீட்டுக் குறிப்பில் போட்டிருந்தார்கள். யாரும் ஒரு வரி மாற்றி எழுதாமல் கிடைத்த வேகம் அது.

ஓடுபாதை சொன்ன தளம் நல்ல தளம்தான், நானும் பார்ப்பேன். ஆனால் அங்கே முதல் வரிசையில் நிற்கும் சி நிரல் சிலவற்றைத் திறந்து பாருங்கள். ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் சிம்டி கட்டளைகளைக் கையால் எழுதியிருப்பார்கள். உங்கள் லாக் ஸ்கிரிப்டை நீங்கள் அப்படி எழுதப் போவதில்லை.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். லாக்கில் பத்து லட்சம் வரியை வெட்டி எடுத்து, எந்த ஃபங்ஷனில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் சிபுரொஃபைல் போட்டு ஓட்டுங்கள். டாட்டைம் (ஃபங்ஷன் தானே எடுத்த நேரம்) பத்தியை வைத்து வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் ஐந்தாறு பெயர்களை இங்கே ஒட்டுங்கள். தேதியை பைத்தானின் டேட்டைம் மாட்யூலில் இருக்கும் ஸ்ட்ரப்டைம் வைத்துத்தான் பிரிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

---

நீலக்குறியீடு:

அரைப்புள்ளி சொன்னதோடு ஒன்று. ஃபைலை முதல் முறை படிக்கும்போது டிஸ்கிலிருந்து வரும், இரண்டாம் முறை ஆபரேட்டிங் சிஸ்டம் மெமரியில் வைத்திருக்கும் பிரதியிலிருந்து வரும். முதலில் பைத்தானை ஓட்டி அப்புறம் ரஸ்டை ஓட்டினால், பாதி வெற்றி டிஸ்குக்குச் சேர வேண்டியது. ஹைப்பர்ஃபைன் என்ற கருவியில் வார்ம்அப் ஓட்டங்களை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, வேக மொழிக்கு மாறியவர்கள் வாங்கும் முதல் அடி. சி பிளஸ் பிளஸ்ஸில் உள்ளீட்டைப் படிக்கும் சின் வழியாக வரி வரியாகப் படித்தால், எந்த அமைப்பையும் தொடாதவரை அது சி-யின் ஸ்டாண்டர்ட் இன்புட்டோடு ஒத்திசைந்தே ஓடும். ஒவ்வொரு வரியையும் அப்படியே படித்து எண்ணும் வேலையில் பைத்தானிடம் தோற்கும் அளவுக்கு மெதுவாகிவிடும். ஒத்திசைவை நிறுத்த ஒரே வரி போதும், ஆனால் அந்த வரி தெரிந்திருக்க வேண்டும். வரியை முடிக்க எண்ட்எல் போட்டு எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் பஃபரைக் காலி செய்யும், அது தனிக் கதை. ரஸ்டிலும் கார்கோ ரன் என்று மட்டும் கொடுத்துவிட்டு "என்ன இவ்வளவு மெதுவாக இருக்கிறது" என்று கேட்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். ரிலீஸ் ஆப்ஷன் போடாமல் கம்பைல் செய்தால் ஆப்டிமைசேஷனே நடக்காது.

---

ஒற்றைச்சாளரம்:

ஓட்டிவிட்டேன். அரைப்புள்ளி அண்ணா ஜோசியரா என்ன! பட்டியலில் முதலில் நிற்பது _ஸ்ட்ரப்டைம் என்ற பெயர். அது தன் கீழே கூப்பிடுகிறவற்றையும் சேர்த்தால் மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போகிறது. அடுத்து ரெஜெக்ஸ் (எழுத்துகளின் வடிவத்தைத் தேடும் சூத்திரம்) மேட்ச். டிக்‌ஷனரியில் எண்ணும் பகுதிதான் மெதுவாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அது எங்கோ கீழே கிடக்கிறது. முன்னால் அடிக்கோடு போட்ட அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது? நான் அதைக் கூப்பிடவே இல்லையே.

---

அரைப்புள்ளி:

ஜோசியமெல்லாம் இல்லை, லாக் படிக்கும் பைத்தான் ஸ்கிரிப்டில் பெரும்பாலும் அதுதான் முதலில் நிற்கும். டேட்டைம் மாட்யூல் சி-யில் எழுதியது. ஆனால் ஸ்ட்ரப்டைமைக் கூப்பிட்டால் அது உள்ளே இன்னொரு மாட்யூலை இழுக்கும், அது சுத்தமான பைத்தான். நீங்கள் கொடுத்த வடிவத்தை ஒரு முறை ரெஜெக்ஸாக மாற்றி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதைத் தேதியோடு பொருத்தி, மாதப் பெயரைப் பட்டியலில் தேடி, வார நாள் வரைக்கும் கணக்குப் போட்டு ஒரு தேதியைக் கையில் கொடுக்கும். கோடி வரிக்குக் கோடி முறை.

ஐஎஸ்ஓ வடிவத்தில் தேதி இருந்தால் ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட் போதும், அது சி-யிலேயே ஓடும். உங்களுடையது வழக்கமான அப்பாச்சி வடிவமாக இருக்கும்: நாள் இரண்டு எழுத்து, சாய்கோடு, மாதச் சுருக்கம் மூன்று, சாய்கோடு, ஆண்டு நான்கு, முக்காற்புள்ளி, மணி இரண்டு. ஆக மொத்தம் 14 எழுத்து. உங்களுக்கு வேண்டியது மணிவாரிக் கணக்குதானே? அந்த 14 எழுத்தையும் அப்படியே வெட்டி எடுத்து டிக்‌ஷனரிக்குச் சாவியாகப் போடுங்கள். தேதியாக மாற்றும் வேலையே வேண்டாம். அறிக்கை அச்சிடும்போது இருபத்து நான்கு சாவிகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

---

ஓடுபாதை:

அதையே ரஸ்டில் எழுதியிருந்தால் இந்த ஸ்ட்ரப்டைம் ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காதே. கண்ணை மூடிக்கொண்டு தேதியாக மாற்றினாலும் வேகமாகத்தான் ஓடியிருக்கும். ஒவ்வொரு முறையும் எந்த ஃபங்ஷன் உள்ளே பைத்தான், எது உள்ளே சி என்று மனப்பாடம் செய்துகொண்டு எழுதுவதும் ஒரு செலவுதான், அதை யாரும் அளப்பதில்லை. அப்புறம் மெமரி. லட்சக்கணக்கான பக்க முகவரிகளை டிக்‌ஷனரியில் வைத்தால் பைத்தான் எடுக்கும் இடத்தையும் ரஸ்ட் எடுக்கும் இடத்தையும் பாருங்கள். ஒவ்வொரு ஸ்டிரிங்குக்கும் தலைச்சுமை தனி.

---

அரைப்புள்ளி:

இது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தளத்தின் பட்டியலைவிட இதுதான் ரஸ்டுக்கு உண்மையான காரணம்: சாதாரணமாக எழுதினாலே வேகமாக ஓடும். நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் சர்வீஸாக இருந்தால் நானே ரஸ்ட் அல்லது கோ மொழி என்றுதான் சொல்வேன். ஒரு நாளைக்கு ஒரு முறை ஓடும் ஸ்கிரிப்டுக்கு, அதுவும் எழுதுபவருக்கு மொழியே புதிது என்கிறபோது, 14 எழுத்தை வெட்டுவதுதான் முதலில்.

---

ஒற்றைச்சாளரம்:

வெட்டிவிட்டேன். முழு நாள் லாக், முக்கால் மணியிலிருந்து கால் மணிக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறது. மாற்றிய வரி ஒன்றே ஒன்று. இப்போது பட்டியலில் முதலிடம் ரெஜெக்ஸுக்கு. இதையும் கழற்றலாமா, இல்லை த்ரெட் போட்டுப் பிரித்து ஓட்டலாமா?

---

நீலக்குறியீடு:

த்ரெட் வேண்டாம். வழக்கமான பைத்தானில் ஜிஐஎல் என்ற பூட்டு இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைட்கோடை ஓட்டும், கணக்கு வேலைக்கு அதனால் பலன் இல்லை. 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் ஜிஐஎல் இல்லாத பில்ட் சோதனை நிலையில் வந்தது, அதை வேலையிடத்து ஸ்கிரிப்டுக்கு நம்பி இறங்க மாட்டேன். ஃபைலை வரி எல்லையில் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனி பிராசஸில் ஓட்டும் மல்டிபிராசஸிங் போடுங்கள். ஒவ்வொரு பிராசஸும் தன் எண்ணிக்கையைத் திருப்பித் தரட்டும், கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். பிரிப்பதற்கு முன் ரெஜெக்ஸையும் பார்த்துவிடுங்கள்: இரட்டை மேற்கோள் குறியை வைத்து ஸ்ப்ளிட் செய்தாலே கோரிக்கை ஒரு துண்டாகவும், பிழையா இல்லையா என்று சொல்லும் ஸ்டேட்டஸ் கோட் அடுத்த துண்டின் தொடக்கத்திலும் வந்துவிடும். முகவரிக்குள்ளேயே மேற்கோள் குறி வரும் கோணல் வரிகளை மட்டும் பழைய ரெஜெக்ஸுக்கு அனுப்புங்கள்.

---

அரைப்புள்ளி:

14 எழுத்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை சொல்ல விட்டுப்போயிற்று. மணிக்குப் பின்னால் நேர மண்டலத்தின் வித்தியாசமும் அந்த வரியில் இருக்கும். எல்லா வரியிலும் அது ஒன்றாக இருக்கும்வரை கவலை இல்லை. வேறு வேறு மண்டலத்தில் அமைத்த சர்வர்களின் லாக்கை ஒரே ஃபைலாகச் சேர்த்துக் கொடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் சாவியில் அந்த வித்தியாசத்தையும் சேர்த்து வெட்டுங்கள், கடைசியில் சாவிகளை மாற்றும்போது சரிசெய்துகொள்ளலாம்.