போட்டுக்கு பேர் எழுதுறவன் ஆர்ட்டிஸ்ட்டா?

கேள்வி: பாம்பன்ல மீன்பிடி போட்டுக்கு (படகுக்கு) பேர், படம் எழுதுறேன். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலம், அந்த 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையேறி பெயிண்ட் அடிப்பாங்க, கை நெறைய வேலை, அப்புறம் ஈ ஓட்டணும். கேன்வாஸ்ல கடல வரையணும்னு ஆசை, வீட்டுல ஒரே திட்டு. என்ன பண்ணலாம்ணே?

பதில் 1: தடைக்காலக் காசுல மொதல்ல அரிசி பருப்ப வாங்கிப் போடு தம்பி, மிச்ச மாசம் வரை. கடன் வாங்கி மட்டும் கேன்வாஸ் வாங்காத, நான் பட்டது போதும்.

பதில் 2: ராம்நாட்ல ராமலிங்க விலாசம் அரண்மனை பாத்திருக்கியா? செவரு பூரா ஓவியம், ராமாயணம், தஞ்சாவூர் மராத்தியரோட சண்டை, ராம்நாட் ராஜா சேதுபதி வெள்ளக்காரங்கள சந்திக்கிறதுன்னு. அதுவும் ராஜா சொல்லி வரைஞ்சதுதான், உன் போட்டு ஓனர் மாதிரி 😄

கேட்டவர்: பாத்ததில்லண்ணே, அடுத்த வாரம் போறேன். ஸ்டிக்கர் ஒட்டுறது வந்துட்டதால போட்டுக்கு பேர் எழுதுற வேலையும் கொறையுது, அதான் பயமே.