கெப்பின் காலை நடுக்கம்: புதுப்பிப்பு

என் டீசல் டபள் கெப் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நடுங்கி, வெண்புகை கக்கிவிட்டுப் பின்னர் சீராகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் அகப்பட்டுவிட்டது.

இயந்திரத்துக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றச் சொன்னது ஒரு கராஜ். உங்களில் பலர், குளிர்ந்த இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யச் சூடேற்றும் குளோ பிளக்கைச் சந்தேகித்தீர்கள். விடியற்காலையிலும் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே அநேகமாக இறங்காத கொழும்பில் குளோ பிளக் இவ்வளவு படுத்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே ஒரு நாள், சாவியைத் திருப்புவதற்கு முன், டீசல் பில்டரின் மேலுள்ள கைப்பம்பை அமுக்கிப் பார்த்தேன். இறுகி நிற்க வேண்டிய அது பஞ்சுபோல் அமிழ்ந்தது. இருபது தடவை அமுக்கி, இறுகிய பின் ஸ்டார்ட் செய்தபோது நடுக்கமே இல்லை. அதாவது, இரவில் எங்கோ காற்று புகுவதால் டீசல் தாங்கியை நோக்கித் திரும்பி வடிகிறது.

பில்டருக்கு அடுத்து ஒளிபுகும் குழாய்த் துண்டொன்றைத் தற்காலிகமாகப் பொருத்தியதில், மறுநாள் காலை குமிழ்கள் வரிசையாக ஓடுவதைக் கண்ணாலேயே கண்டேன். பில்டரின் அடியில், டீசலில் நீர் சேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் நீர் உணரியின் ரப்பர் வளையம் தட்டையாகி, ஓரிடத்தில் மயிரிழையாக வெடித்திருந்தது. அது பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால் காற்று உள்ளே போனதே தவிர, வெளியே ஒரு சொட்டும் கசியவில்லை; நான் இத்தனை நாள் ஏமாந்ததும் அதனால்தான்.

பஞ்சிகாவத்தையில் புதிய வளையம் வாங்கி, டீசல் தடவிப் பொருத்தி, காற்றை வெளியேற்றினேன். மூன்று வாரங்களாக நடுக்கமும் இல்லை, புகையும் இல்லை. இன்ஜெக்டர்களில் கை வைக்கவேயில்லை.